ஐஸ் பக்கெட்டும் ஆடிக் கும்மாயமும்

2025 மே மாசம். அக்கா மகன் பெங்களூர்லேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அவன் குடியிருக்குற பில்டிங் மொட்டை மாடி. ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிட்டு வர்றாங்க. ஐஸ் கட்டி மிதக்குது. தலையில ஊத்துறாங்க. இவன் துள்ளுறான், கத்துறான், சிரிக்கிறான். கடைசியில கேமராவைப் பாத்து மூணு பேரோட பேரைச் சொல்றான். மூணாவது பேரு என்னோடது.

"மாமா, 24 மணி நேரம்தான் டைம்!"

பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பையன் சந்தோஷமா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தேன். எதுக்காக ஊத்திக்கிட்டான்னு ஒரு வார்த்தை இல்ல. ஒரு நோயோட பேரு இல்ல. எங்கயாச்சும் பணம் போடுங்கன்னும் இல்ல.

ஃபோன் போட்டேன். "மாப்ளே, இது எதுக்குடா பண்ணுறீங்க?"

"ட்ரெண்டு மாமா. எல்லாரும் பண்றாங்க."

"அதான், எதுக்கு?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஏதோ அவேர்னஸ் மாமா..."

எனக்குச் சுருக்குனு ஏறுச்சு. அவன் மேல கோவம் இல்ல. அவனுக்கு அனுப்பினவனும் சொல்லல, அவனுக்கு முன்னாடி இருந்தவனும் சொல்லல. ஆனா இதே குடும்பத்துல, இதே காரைக்குடியில, எந்த நோய்க்காக இந்த ஐஸ் பக்கெட் உலகம் பூரா சுத்துச்சோ அந்த நோய்லதான் எங்க சித்தப்பா படுத்திருந்தாரு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தா அவர் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டுப் போன பயதான் இவனும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவனுக்குத் தெரியவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல அவன்கிட்ட பாதிதான் சொல்ல முடிஞ்சுச்சு. மீதியையும் சேத்து இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். 2025ல சுத்துன ஐஸ் பக்கெட் வேற. அமெரிக்காவுல சவுத் கரோலினா பல்கலைக்கழகப் பசங்க மனநலத்துக்காக ஆரம்பிச்சது. நல்ல காரியம்தான், குறை சொல்லல. ஆனா பக்கெட் பழசு. 2014ல வந்தது.

அந்த 2014 கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன்னா அது ஒரு சொந்தபந்தக் கதை.

ஃப்ளோரிடாவுல கிறிஸ் கென்னடினு ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர். அப்ப ஐஸ் தண்ணி சவால்னு ஒண்ணு விளையாட்டுக்காரங்க நடுவுல சுத்திட்டு இருந்துச்சு. எந்த நோய்க்கும்னு இல்ல, அவங்கவங்களுக்குப் பிடிச்ச தர்மத்துக்குக் குடுத்துக்கலாம். சிநேகிதர் ஒருத்தர் இவரை இழுத்து விட்டாரு. இவர் ஏஎல்எஸ்ங்கிற நோயைத் தேர்ந்தெடுத்தாரு. காரணம் ரொம்ப எளிசு. பொண்டாட்டி வழிச் சொந்தக்காரப் பொண்ணு ஜானட், அவங்க வீட்டுக்காரர் ஆண்டனி செனர்கியா, அவருக்கு இந்த நோய். 2014 ஜூலை 15ஆம் தேதி தலையில ஊத்திக்கிட்டு, "அடுத்து நீ"ன்னு ஜானட்டைக் கூப்பிட்டாரு. அந்தப் பொண்ணு நியூயார்க் பக்கம் அவங்க ஊர்ல ஊத்திக்கிச்சு. அங்கேர்ந்து பக்கத்து ஊர் பேட் க்வின் கண்ணுல பட்டுச்சு, அவருக்கும் அதே நோய். அங்கேர்ந்து பாஸ்டன்ல பீட் ஃப்ரேட்ஸ். காலேஜ் பேஸ்பால் டீம் கேப்டனா இருந்தவர், 27 வயசுல நோய் வந்தவர். அவர் வழியாத்தான் விளையாட்டு உலகம் பூரா பத்திக்கிச்சு.

ஒரு மாசத்துல உலகமே நனைஞ்சுது. ஃபேஸ்புக்ல மட்டும் ஒரு கோடியே 70 லட்சம் பேர் வீடியோ போட்டாங்க. பில் கேட்ஸ் ஊத்திக்கிட்டாரு. ஒபாமாவைக் கூப்பிட்டாங்க, அவர் ஊத்திக்கல, பணமாக் குடுத்துட்டாரு. (எனக்கு அதுதான் பிடிச்சது.) அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேந்துச்சு. உலகம் பூராவும் சேத்தா 22 கோடி டாலர்னு கணக்கு.

"தமாசு, விளம்பரம், செல்ஃபி தர்மம்"னு அப்பவே நிறைய பேர் கிண்டல் அடிச்சாங்க. இப்பவும் அடிக்கிறாங்க. நான் அந்தக் கூட்டத்துல இல்ல. ஏன்னா அந்தப் பணம் எங்க போச்சுன்னு தேடிப் படிச்சவன் நான். சித்தப்பாவுக்கு நோய்னு தெரிஞ்ச பெறகு ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சது.

அமெரிக்கச் சங்கத்துக்கு வந்த பணத்துல மூணுல ரெண்டு பங்கு ஆராய்ச்சிக்குப் போச்சு. 2016ல நெக்1னு ஒரு மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. 11 நாட்டுலேர்ந்து 80 பேருக்கு மேல ஆராய்ச்சியாளர்கள் சேந்து பண்ணுன வேலை, அதுக்கு பக்கெட் பணத்துல 10 லட்சம் டாலர் போயிருக்கு. இதுல எல்லாமே ஜெயிக்கல. பக்கெட் பணத்துல கொஞ்சம் போயி ஒரு மருந்து உருவாச்சு, 2022ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது. பெரிய சோதனையில பலன் இல்லன்னு தெரிஞ்சதும் 2024ல கம்பெனியே மருந்தைத் திரும்ப எடுத்துக்கிச்சு. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. ஆனா ஒரு மருந்து வேலை செய்யாதுன்னு உறுதியாத் தெரிஞ்சுக்கவும் காசு வேணும். ஆராய்ச்சின்னா அப்படித்தான். அதுக்கு முந்தின வருஷம், 2023ல, டோஃபர்சன்னு ஒண்ணு வந்துச்சு. சாட்1ங்கிற மரபணுக் கோளாறு உள்ளவங்களுக்கு மட்டும். அவங்க மொத்த நோயாளிகள்ல நூத்துக்கு ரெண்டு பேர்தான். இருந்தாலும் அந்த ரெண்டு பேருக்கு ஒரு கதவு திறந்திருக்குல்ல?

பீட் ஃப்ரேட்ஸ் 2019 டிசம்பர்ல போயிட்டாரு. 34 வயசு. பேட் க்வின் அடுத்த வருஷம் நவம்பர்ல, 37 வயசு. ஆண்டனி 2017லயே. சவாலை உலகத்துக்குக் குடுத்த மூணு பேருமே இன்னிக்கு இல்ல. இதை என் மாப்ளைகிட்ட சொன்னப்ப அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

அந்த 2014ல நம்ம பக்கம் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?

"தண்ணியை வீணடிக்கிறாங்க"ன்னு ஒரே பேச்சு. அது நியாயமான பேச்சுதான். நம்ம செட்டிநாட்டைப் பாருங்க. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, அதுல கால் கழுவக்கூடாதுன்னு கட்டுப்பாடு வெச்ச சனங்க. மழை பெஞ்சா வளவு முற்றத்துல அண்டாவை வெச்சுப் பிடிச்ச வீடுங்க. சம்பை ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்த கதையைக் காரைக்குடிக்காரன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான். இந்த மண்ணுல ஒரு பக்கெட் நல்ல தண்ணியைத் தலையில கவுத்துட்டுச் சிரிக்கிறதைப் பாத்தா எங்க அப்பத்தா கம்பைத் தூக்கியிருக்கும்.

அதனால ஹைதராபாத்துல மஞ்சுலதா கலாநிதின்னு ஒரு பத்திரிகையாளர் அரிசி பக்கெட் சவால்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தண்ணிக்குப் பதிலா ஒரு பக்கெட் அரிசியைப் பசிச்சவங்களுக்குக் குடு, ஃபோட்டோ போடு, நாலு பேரைக் கூப்பிடு. அருமையான யோசனை. பல ஊர்ல பண்ணுனாங்க. கேரளாவுல மம்மூட்டி மரம் நடுற சவாலை ஆரம்பிச்சு நம்ம ஊர் நடிகர்களையும் கூப்பிட்டாரு. அதுவும் நல்லதுதான்.

ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? அரிசி வந்துச்சு, மரம் வந்துச்சு, நோய் காணாமப் போச்சு. நாம பக்கெட்டை மட்டும் மாத்தல, உள்ள இருந்த ஆளையும் இறக்கி விட்டுட்டோம். அதுதான் எனக்கு இன்னிவரைக்கும் வருத்தம்.

சரி, அந்த நோய் என்னன்னு சொல்றேன்.

மூளையிலேர்ந்தும் தண்டுவடத்துலேர்ந்தும் தசைக்கு "அசை"ன்னு உத்தரவு கொண்டு போற நரம்பு செல்லுங்க இருக்கு. அதுக்கு மோட்டார் நியூரான்னு பேரு. அதுங்க ஒண்ணொண்ணாச் செத்துக்கிட்டே வரும். உத்தரவு வராத தசை சூம்பிப் போகும். கை, கால், அப்புறம் நாக்கு, தொண்டை, கடைசியில மூச்சு விடுற தசை. ஏன் வருதுன்னு முக்காவாசிப் பேருக்குத் தெரியாது, பத்துல ஒருத்தருக்குத்தான் பரம்பரை. பொதுவா ரெண்டு வருஷத்துலேர்ந்து அஞ்சு வருஷம். ஸ்டீஃபன் ஹாக்கிங் 1963லேர்ந்து 2018 வரைக்கும் இருந்தாரே, அது ரொம்ப அபூர்வம். டாக்டர் நமக்கு நோயோட பேரைச் சொன்னதும் சொந்தக்காரங்க முதல்ல அனுப்புறது அவர் ஃபோட்டோவைத்தான். அன்பா அனுப்புறாங்க. ஆனா அது குடும்பத்துக்கு ஒரு பொய் நம்பிக்கையைக் குடுத்துடுது.

எங்க சித்தப்பா காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கடையில கணக்கு எழுதினவரு. முத்து முத்தான கையெழுத்து. முதல்ல அந்தக் கையெழுத்துதான் கோணுச்சு. அப்புறம் சட்டைப் பட்டன் போட வரல. கழுத்து எலும்பு தேய்மானம்னு ஒருத்தர் சொன்னாரு, சத்துக் குறைவுன்னு இன்னொருத்தரு. எண்ணெய் தேச்சுப் பாத்தோம், கழுத்துல பட்டை போட்டுப் பாத்தோம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதை குழிஞ்சு போயிருந்ததை நரம்பு டாக்டர் ஒருத்தர்தான் பாத்தவுடனே கவனிச்சாரு. (கை வலி இல்லாம சூம்பிக்கிட்டே வந்தா, தோலுக்கு அடியில தசை தானாத் துடிச்சுக்கிட்டே இருந்தா, நேரா நரம்பு டாக்டர்கிட்ட போங்க. இந்தப் பதிவுல இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சாக்கூடப் போதும்.)

பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. இந்த நோய்ல அசைவுதான் போகும், உணர்வு போகாது. தொட்டாத் தெரியும், சுட்டாத் தெரியும். ஐஸ் தண்ணி ஊத்துனா அந்தக் குளிரும் முழுசாத் தெரியும். சித்தப்பா முழங்கைல ஒரு கொசு உக்காந்து கடிச்சுக்கிட்டே இருக்கும். அவருக்குத் தெரியுது. விரட்ட முடியல. சொல்லவும் முடியல. நாங்க பக்கத்துலதான் உக்காந்து பேசிட்டு இருப்போம். அவர் கண்ணு மட்டும் அந்தக் கையையே பாக்கும்.

நோய்னா என்னன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு.

இன்னொண்ணு தண்ணி. உலகம் பக்கெட் பக்கெட்டா ஊத்திக்கிட்ட அதே தண்ணி. தொண்டைத் தசை தளந்தவங்களுக்குச் சோத்தைவிட ஆபத்து அதுதான். மெல்லிசா இருக்குறதால சட்டுனு ஓடி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒரு டம்ளர் தண்ணியைக் குடிச்சிட்டு சித்தப்பா மூச்சுத் திணறினதைப் பாத்த பெறகு, சித்தி அந்த டம்ளரை எடுத்து உள்ள வெச்சுட்டாங்க. ஸ்பூன்ல குடுத்தோம், இருமல். ஸ்ட்ரா வெச்சோம், அதுல இன்னும் வேகமா ஏறுச்சு. ஜூஸும் தண்ணி மாதிரியேதான். மோரும் அப்படியே.

முழுங்குறதுக்குப் பயிற்சி குடுக்குற தெரபிஸ்ட்டு ஒரு பொண்ணு மதுரையில சொல்லிக் குடுத்துச்சு: "கெட்டியா, வழவழன்னு, கட்டி இல்லாம இருக்கணும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கிட்டு முழுங்கணும்." ஹார்லிக்ஸைக் கெட்டியாக் கரைச்சோம், அவருக்குப் பிடிக்கல. ரவைக் கஞ்சி குருணை குருணையா நின்னுச்சு. கவுனி அரிசியைக் குழைய வேகவெச்சு மிக்சியில அடிச்சோம், நாக்குல ஒட்டிக்கிட்டு இறங்க மாட்டேன்னுச்சு. பொடி ஒண்ணு விக்குது, எந்தத் தண்ணியில போட்டாலும் கெட்டியாக்கிடும். நல்ல சாமான்தான். ஆனா காரைக்குடிக்கு அதை வரவழைக்கிறதே பெரும்பாடு.

அப்பத்தான் ஆடி மாசம் வந்துச்சு. சித்தி வழக்கம்போலக் கும்மாயத்துக்கு வறுத்து அரைச்சாங்க. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி. கருப்பட்டிப் பாகு. நெய். சாமிக்கு வெச்சுட்டு, கொஞ்சத்தை எடுத்து இன்னும் பால் விட்டு இளக்கி, வடிகட்டியில தேச்சு வழிச்சாங்க. கால் ஸ்பூன் குடுத்தாங்க.

இறங்குச்சு!

இருமல் இல்ல. திரும்ப வாயைத் திறந்தாரு. (அந்த வீட்டுல அன்னிக்கு நடந்த ஆர்ப்பாட்டத்தைப் பாத்து, பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சாக்கும்னு பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பாத்துச்சு.) அந்தப் பதம்தான் அப்புறம் எல்லாத்துக்கும் அளவு. பருப்பு, காய், கீரை, எது செஞ்சாலும் "கும்மாயப் பதம் வந்துச்சா?"ன்னுதான் கேப்போம். பின்னாடி வயித்துல டியூப் போடுற நிலைமை வந்துச்சு. ஆனா அதுவரைக்கும் அவர் நாக்குக்கு ருசி இருந்துச்சு. ஒண்ணு மட்டும் சொல்லணும், ஒவ்வொருத்தருக்கும் தொண்டை வேற. தெரபிஸ்ட்கிட்ட காட்டாம நீங்களா எதையும் குடுக்காதீங்க.

அடுத்தது பேச்சு. இதுல நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், யாருக்காச்சும் உதவும்.

இந்த நோய்ல கண்ணு பெரும்பாலும் கடைசிவரைக்கும் வேலை செய்யும். அதனால எழுத்து அட்டை வெச்சுப் பேசலாம். கண்ணைச் சிமிட்டுனா "ஆமா". இங்கிலீஷ்காரங்களுக்கு 26 எழுத்து, ஒரு அட்டையில முடிஞ்சுது. நமக்கு 247!

முதல்ல ஸ்கூல்ல தொங்குமே, அந்த மாதிரி பெரிய எழுத்துச் சார்ட் வாங்கி விரலை வெச்சுக் காட்டிக்கிட்டே போனேன். "கொசு"ன்னு சொல்றதுக்குள்ள கொசு கடிச்சு முடிச்சுப் பறந்து போயிருக்கும். அவருக்கும் கண்ணு அசந்துடும். அப்புறம் உயிர் 12, மெய் 18, மொத்தம் 30னு தனியா எழுதினேன். பரவால்ல. ஆனா முப்பதையும் ஒவ்வொண்ணாப் படிச்சுக்கிட்டுப் போறதும் நேரம்தான்.

வழி சொன்னது ஆறாவது படிக்கிற சித்தப்பா பேத்தி. தமிழ்ப் பரீட்சைக்குப் பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு, வல்லினம் மெல்லினம் இடையினம்னு. சித்தப்பா கண்ணைப் படபடன்னு சிமிட்டுனாரு. எனக்கு அப்பவும் புரியல. பேத்திக்குத்தான் புரிஞ்சுச்சு.

பாருங்க, எவ்வளவு அழகா அமைஞ்சிருக்கு! வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. அட்டையில மூணு வரிசை. அதுக்குக் கீழ உயிர், குறில் அஞ்சு ஒரு வரிசை, நெடில் ஏழு ஒரு வரிசை. நாம கேக்க வேண்டியது, "வல்லினமா?" சிமிட்டல் இல்ல. "மெல்லினமா?" சிமிட்டல். உடனே வரிசைக்குள்ள போயி "ங, ஞ, ண, ந, ம..." சிமிட்டல். ஒரு எழுத்து நிமிஷத்துக்குள்ள வந்துடும். தொல்காப்பியர் காலத்துலேர்ந்து இருக்குற பாகுபாடு. அது ஒரு கட்டில் ஓரத்துல இப்படிக் கை குடுக்கும்னு யாரு நெனச்சிருப்பா.

பழகப் பழக அவரே இன்னும் சுருக்கினாரு. உயிரை விட்டுட்டார், மெய் மட்டும்தான். "ப, த, க"ன்னு வந்தா மீதியை நாங்க ஊகிக்கணும். ஆனா அவர் கடை முதலாளி பையன் பாக்க வந்தப்போ மெனக்கெட்டு எழுத்து எழுத்தாச் சொன்ன வாக்கியம், "புதுக் கணக்கு நோட்டு வாங்கியாச்சா?" அந்தப் பையன் நோட்டைக் கொண்டாந்து காட்டிட்டுத்தான் போனான்.

அட்டைக்குப் பின்பக்கம் அடிக்கடி தேவைப்படுறதை முழு வாக்கியமாவே எழுதி வெச்சோம். சளி எடு. காலை மடக்கு. கொசு. ஃபேனைக் குறை. தலகாணியைச் சரி பண்ணு. கடைசி வரி அவரே கேட்டு வாங்கினது: சும்மா பேசிட்டு இரு.

இப்ப எனக்கு உள்ளுக்குள்ள ரொம்ப நாளா எரிஞ்சுக்கிட்டு இருக்குற விஷயத்துக்கு வர்றேன்.

இந்த நோய்க் குடும்பத்துல ஒண்ணுக்கு நம்ம ஊர் பேரே இருக்கு. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். ஆமா, நம்ம மெட்ராஸ்தான். 1970ல மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தின்னு மூணு டாக்டருங்க நியூராலஜி இந்தியா இதழ்ல எழுதுனாங்க. (இந்த ராமமூர்த்திதான் சென்னை அரசு பொது மருத்துவமனையில 1950ல நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஆரம்பிச்சவரு.) அவங்க பாத்தது என்னன்னா, இங்க வர்ற சில நோயாளிங்க புஸ்தகத்துல இருக்குற மாதிரி இல்ல. சின்ன வயசு. கை கால் சூம்புது, முகமும் நாக்கும் தளருது, கூடவே காது கேக்காமப் போகுது. ஆனா நோய் மெதுவா நகருது, பல வருஷம் உயிரோட இருக்காங்க. அப்படிப்பட்டவங்க பெரும்பாலும் தென்னிந்தியாவுலதான். பின்னாடி பெங்களூர் நிம்ஹான்ஸ்ல இதைத் தொடர்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

ஒரு கோடியே 70 லட்சம் வீடியோ. அதுல சென்னையிலேர்ந்து எத்தனை, மதுரையிலேர்ந்து எத்தனை! அவங்கள்ல ஒருத்தராச்சும் கேமரா முன்னாடி நின்னு "மெட்ராஸ் நோய்னு ஒண்ணு இருக்கு, எங்க சனத்துக்கு வர்றது, யாராச்சும் இதை ஆராய்ச்சி பண்ணுங்க"ன்னு சொல்லியிருந்தா! பாஸ்டன்காரன் பாஸ்டன் பையனுக்காக ஊத்திக்கிட்டான். நாமளும் பாஸ்டன் பையனுக்காகத்தான் ஊத்திக்கிட்டோம். தப்பு சொல்லல. ஆனா காது கேக்காம, கை தூக்க முடியாம ஏதோ ஒரு கிராமத்துல இருபது வயசுப் பிள்ளை "ஏதோ சாபம்"னு மூலையில உக்காந்திருக்கு. அதுக்கு அந்தத் தண்ணியில ஒரு சொட்டும் வரல.

நம்ம சனத்துக்குக் குடுக்குற மனசு இல்லாம இல்ல. 2021ல தமிழ்நாட்டுல ஒரு குழந்தைக்கு இதே மாதிரி நரம்பு செல்லு சாகுற நோய், ஊசி விலை 16 கோடி. அத்தனை பணத்தைச் சனங்க கொஞ்சம் கொஞ்சமாச் சேத்தாங்க, மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி பண்ணுச்சு. 2022ல இலங்கைக்காரங்க கஷ்டப்பட்டப்ப புதுக்கோட்டைப் பக்கம் ஒரு டீக்கடைக்காரரு டீ மொய் விருந்து வெச்சாரு. டீ குடிச்சுட்டு இஷ்டப்பட்டதைப் பாத்திரத்துல போட்டுட்டுப் போகலாம். இதைவிடத் தமிழ்ச் சவால் என்ன இருக்கு?

காரைக்குடிக்காரனுக்குச் சவாலும் புதுசு இல்ல. 1947ல மெட்ராஸ்ல ஒரு கூட்டம். லட்சுமணசாமி முதலியார் மேடையில, பணம் உள்ளவங்க காலேஜ் ஆரம்பிக்க முன்வரணும்னு கேட்டாரு. அழகப்பச் செட்டியார் அங்கனயே எந்திரிச்சு, காரைக்குடியில நான் ஆரம்பிக்கிறேன்னாரு. அதே ஆகஸ்ட்ல காலேஜ் திறந்தாச்சு. அப்புறம் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தாரு. கூட்டத்துல கை தூக்குனது ஒரு நிமிஷம், அதுக்கப்புறம் அதைத் தூக்கிச் சுமந்தது மிச்ச ஆயுசு பூரா. 1957ல அவர் போறப்ப வயசு 47தான்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஐஸ் பக்கெட் ஒரு தடவை குளிப்பாட்டிட்டுப் போயிடும். மொய் நோட்டு அப்படி இல்ல, அது பத்து வருஷம் கழிச்சும் யாரு வீட்டுக்கு நாம திரும்பச் செய்யணும்னு ஞாபகம் வெச்சிருக்கும். படுக்கையில இருக்குற ஆளுக்கு வேண்டியது அந்த மாதிரி திரும்பத் திரும்ப வர்ற கை. செட்டிநாட்டு வியாபாரத்துல மகமைன்னு ஒண்ணு எடுத்து வைப்பாங்களே, ஒவ்வொரு வரவுலயும் ஒரு பங்கு தர்மத்துக்குன்னு, அந்த முறை இன்னிக்கும் எங்கயும் போயிடல.

என் மாப்ளைகிட்ட இதைத்தான் கேட்டேன். பக்கெட் வேணாம். நீயும் நீ நாமினேட் பண்ணுன மத்த ரெண்டு பேரும் சேந்து மாசாமாசம் ஒரு தொகை எடுத்து வைங்க. மும்பையில ஆஷா ஏக் ஹோப்னு இந்த நோய்க்குன்னே ஒரு அமைப்பு இருக்கு, அதுக்கு அனுப்புங்க. இல்லன்னா பெங்களூர்லயே ஒரு நோயாளி வீட்டைத் தேடிப் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போயி உக்காருங்க. அந்த வீட்டு அம்மா அந்த நேரத்துல தூங்கட்டும். எங்க சித்தி ராத்திரியில முழுசாத் தூங்கி நான் பாத்ததே இல்ல, அரை மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், சளி எடுக்கணும். வீடியோ போடணும்னா தாராளமாப் போடு. ஆனா அதுல நோயோட பேரைச் சொல்லு, என்ன அறிகுறின்னு சொல்லு, எங்க போகணும்னு சொல்லு. ஜூன் 21 இந்த நோய்க்கான உலக நாள், அன்னிக்குப் போடு.

மாப்ளை மாசத் தொகைக்கு ஒத்துக்கிட்டான். அவன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர்ல ஒருத்தன் சேந்திருக்கான், இன்னொருத்தன் யோசிக்கிறான்.

இப்ப நம்ம மாவட்டத்துல இப்படி யாராச்சும் இருந்தா, கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்லேர்ந்து அரசாங்கத் திட்டம் இருக்கு. சுகர், பிரஷருக்கு மாத்திரை குடுக்குறாங்கன்னுதான் நிறைய பேருக்குத் தெரியும். பிசியோதெரபியும், படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கான கவனிப்பும் வீட்டுக்கே வந்து பண்றதும் அதுல இருக்கு. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க. ரிலுசோல் மாத்திரை இந்தியாவுலயே தயாராகுது. குணமாக்காது, நோயோட வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், டாக்டர்கிட்ட கேளுங்க. மூச்சு மெஷின் வெச்சிருந்தா இன்வெர்ட்டர் கட்டாயம் வேணும், கரண்ட்டை நம்ப முடியாது.

சித்தப்பா போயிட்டாரு. சளி உறியிற மெஷின், காத்துப் படுக்கை, சாய்வு மாத்துற கட்டில் மூணும் சித்தி வீட்டு முன்கட்டுல துடைச்சு மூடி வெச்சிருக்கு. மெஷினோட டியூப் மட்டும் புதுசு மாட்டணும். விக்க மாட்டேன்னு சித்தி சொல்லிட்டாங்க. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் யாருக்குத் தேவைப்பட்டாலும் வண்டி பிடிச்சு வந்து எடுத்துட்டுப் போங்க, வாடகை கிடையாது. வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுங்க, அடுத்த வீட்டுக்கு வேணும். வல்லினம் மெல்லினம் அட்டை எத்தனை வேணும்னாலும் எழுதித் தர்றேன்னு பேத்தி சொல்லுது. இப்ப அது எட்டாவது, கையெழுத்து அச்சு அசல் அவங்க தாத்தா கையெழுத்து.